மீன் திங்கிற ஆட்டுக்குட்டி

கால்நடை மருந்துக்கடைக்கு நோயாளி வருவதே இல்லை. நோயாளிக்காகப் பேச வேறொருவர் வருவார், அவர் சொல்வதை நம்பித்தான் நாம் அலமாரியைத் திறக்க வேண்டும். உரக்கடையோ, விதைக்கடையோ, கவுன்ட்டருக்கு உள்பக்கம் நின்று கால் கடுத்தவர்கள் யாராக இருந்தாலும் இந்தக் கஷ்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வருகிறவர் பாதியைச் சொல்வார். மீதியை நாம் அவர் முகத்தில் தேட வேண்டும்.

நான் கோவில்பட்டியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு மாட்டு மருந்துக்கடையில் பதினொரு வருஷம் நின்றேன். சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். பெயர்தான் மாட்டு மருந்துக்கடை, வருகிறவர்களில் பாதிக்கு மேல் ஆட்டுக்காரர்கள். தாது உப்பும் பினாயிலும் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கும் கலந்த அந்தக் கடையின் வாசனை, இப்போதும் சில சமயம் காரணமில்லாமல் மூக்கில் வந்து நிற்கிறது. மழைக்குப் பிறகு உண்ணிக் காலம் தொடங்கும். அந்த இரண்டு மூன்று மாதமும் எல்லோரும் ஒரே மருந்தைத்தான் கேட்பார்கள். அந்த மருந்தால்தான் எனக்கு ஒரு பூனை பழக்கமானது. மற்றக் கதைகளெல்லாம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவை.

செவலைக் குட்டி

அய்யாத்துரை அண்ணாச்சி விளாத்திகுளம் பக்கத்துக் கிராமத்துக்காரர். செம்மறி ஆடு வைத்திருந்தார். அறுவடை முடிந்த காடுகளில் உரத்துக்காக ஆடுகளை இரவில் அடைத்துவைக்கும் கிடை வேலை அவருடையது. நல்ல உயரம், அதற்கேற்ற மீசை. சந்தை நாளில் மட்டும் கோவில்பட்டிக்கு வருவார். அன்றைக்குக் கடையில் நல்ல கூட்டம். அவருக்குப் பின்னால் அவருடைய ஊர்ப்பக்கத்து ஆட்டுக்காரர்கள் மூன்று நான்கு பேர் நின்றார்கள். “உண்ணிக்கு மருந்து குடு தாயி” என்றார். எத்தனை ஆட்டுக்கு என்று கேட்டேன். “ஒண்ணுக்குத்தான். ஒரு செவலைக் குட்டி” என்றார். கிடை நிறைய ஆடு வைத்திருக்கிறவர் ஒற்றைக் குட்டிக்கு மருந்து கேட்கும்போதே நான் நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும்.

“எவ்வளவு பெருசு அண்ணாச்சி?” என்று கேட்டேன். அவர் இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்து, எதையோ அணைத்துப் பிடித்திருப்பதுபோல் காட்டினார். ஒரு முழம்கூட வரவில்லை. சவலைக் குட்டி போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். மூடியில் கால்வாசி மருந்து, ஒரு செம்புத் தண்ணீர், துணியில் நனைத்து உடம்பெல்லாம் துடைக்க வேண்டும், கண்ணில் படக்கூடாது என்று வரிசையாகச் சொன்னேன். ஆட்டுக்குச் சரியான அளவுதான். அவர் பாட்டிலை மடியில் கட்டிக்கொண்டு நாலடி நடந்தார். பிறகு திரும்பி வந்து, பின்னால் நின்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து, “சின்ன உசுரு தாயி, பாத்துத்தான குடுத்திருக்கே?” என்றார்.

ஓலைப்பெட்டி

மறுநாள் மத்தியானம் விளாத்திகுளம் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்தார். கையில் மூடி போட்ட ஓலைப்பெட்டி. கவுன்ட்டர் மேல் வைத்துத் திறந்தார். உள்ளே ஒரு பெட்டைப் பூனை. மாட்டுக்குச் சொல்வோமே, அதே செவலை நிறம். உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது. காதுகள் தனித்தனியாகத் துடித்தன. “குட்டி எங்க அண்ணாச்சி?” என்று கேட்டேன். அவர் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆடு தன் உடம்பை முழுக்க நக்கிச் சுத்தம் செய்யாது. பூனைக்கு நாள் பூராவும் அதுதான் வேலை. ஆட்டுத் தோலுக்கென்று நான் கொடுத்தது பூனையின் நாக்கு வழியாக வயிற்றுக்குப் போயிருக்கிறது. அது மட்டுமில்லை, அந்த மருந்து தோலில் பட்டாலே பூனைக்கு ஆகாது. அதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலாளி செருப்பைக்கூட மாட்டாமல் போய், இரண்டு தெரு தள்ளி இருந்த கால்நடை டாக்டரைக் கூட்டிவந்தார். டாக்டர் பார்த்ததும், “ஊசி அப்புறம். முடியில இருக்கிற மருந்து இன்னும் உள்ள போயிட்டே இருக்கு, முதல்ல கழுவுங்க” என்றார். கடைக்குப் பின்னால் வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வைத்து மூன்று தடவை கழுவினோம். நனைந்த பூனை எவ்வளவு சின்னது என்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. அவர் கைகளில் காட்டிய அளவுகூட இல்லை. ஊசி போட்ட பிறகு, அண்ணாச்சி தன் தலைத்துண்டில் அதைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, தாது உப்பு மூட்டைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தார். சாயங்காலம்வரை நடுக்கம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. “ரெண்டு நாள் தாண்டிட்டா பிழைச்சிக்கும். கதகதப்பா வச்சிருங்க, நக்க விடாதீங்க” என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

கிடையில் ஆடுகள் கிடந்தன. அவர் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். பெட்டியைத் தூக்கும்போது நான் கேட்டேவிட்டேன், பூனை என்று நேற்றே சொல்லியிருக்கலாமே என்று. அவர் கடை வாசலைப் பார்த்தார். முந்தின நாள் அந்த ஆட்டுக்காரர்கள் நின்ற இடம் அது. பூனைக்கு மருந்து வாங்கினான் என்பது தெரிந்தால் ஒரு வருஷத்துக்கு எல்லாக் கிடையிலும் அதுதான் பேச்சாக இருக்கும். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. “நீ குட்டின்னு நம்பிட்டே, சரி. ஆடா இருந்தா இவ்வளவு தூரம் பஸ்ல மடியில வச்சிக் கொண்டாருவனா தாயி?” என்று மட்டும் கேட்டார்.

வேலையை விடுகிறேன்

அவருடைய ஊரில் அப்போது போன் கிடையாது. இரண்டு நாள் தாண்டியதா என்று தெரிந்துகொள்ள அடுத்த சந்தை நாள்வரை காத்திருக்க வேண்டும். நான் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. தெரியாமல் செய்தது என்று வீட்டில் சொன்னார்கள். தெரியாமல் செய்தது என்பதற்காகப் பூனை கொஞ்சம் குறைவாக நடுங்குமா என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் காலையில் முதலாளியிடம் வேலையை விடுவதாகச் சொன்னேன். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. தராசில் பிண்ணாக்கு நிறுத்துக்கொண்டிருந்தவர், முள் நடுவில் வந்து நிற்கும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னார்: “அவன் சொல்லல, நீ கேக்கல. நீ போயிட்டா, உன் இடத்துல வந்து நிக்கிறவளும் கேக்க மாட்டா. நீ இருந்தாத்தான் கேப்பே.”

கேள்வி

கேட்பது என்று முடிவாயிற்று. எப்படிக் கேட்பது என்பதுதான் சிக்கல். “பூனைக்கா?” என்று நேராகக் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் “என்னைப் பாத்தா பூனை வளக்கிறவன் மாதிரியா இருக்கு?” என்று சத்தம் போட்டுவிட்டு மருந்தே வாங்காமல் போய்விட்டார். அவர் சட்டைக் கையில் செவலை முடி ஒட்டியிருந்தது. ஆக, பூனை வைத்திருப்பவருக்கு மட்டும் புரிய வேண்டும்; பக்கத்தில் நிற்பவருக்குப் புரியக்கூடாது. அவர் ஆட்டுக்குட்டி என்றால் நானும் ஆட்டுக்குட்டி என்றுதான் பேச வேண்டும். குட்டி ராத்திரி எங்கே படுக்கும் என்று கேட்டால் சரிப்படவில்லை, ஆட்டுக்குட்டியும் வீட்டுக்குள்தான் படுக்கிறது. பால் குடிக்குமா என்று கேட்டால் இரண்டும் குடிக்கும். கடைசியில் ஒரு கேள்வி அகப்பட்டது: “குட்டி மீன் திங்குமா?”

முதலில் இந்தக் கேள்வியிடம் மாட்டியவர் இடைசெவலிலிருந்து சைக்கிளில் வந்தவர். பக்கத்தில் யாரும் கேட்கிறார்களா என்று பார்த்தார். பிறகு மெதுவாக, “கருவாடுன்னா இன்னும் நல்லாத் திங்கும்” என்றார். நான் ஆட்டு மருந்து அலமாரியைச் சாத்திவிட்டு, உண்ணியை மருந்தில்லாமல் எப்படி எடுப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். ஒரு குட்டி தப்பியது. ஆனால் அடுத்து நின்ற அக்கா வைத்திருந்தது உண்மையாகவே வெள்ளாடு. என் கேள்வியைக் கேட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்து, நிதானமாகச் சொன்னார்: “எங்க ஆடு இதுவரைக்கும் மீன் கேட்டதில்ல. வாங்கிக் குடுத்தாத்தான் மருந்து பிடிக்குமோ?”

உரசாத குச்சி

அடுத்த சந்தை நாள் வந்தது. அய்யாத்துரை அண்ணாச்சி வரவில்லை. அதற்கடுத்த சந்தை நாளிலும் வரவில்லை. விளாத்திகுளம் பஸ் வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். அவர் ஊர்க்காரர் ஒருவர் வந்தார். அவரிடம் கேட்டால் அண்ணாச்சியின் ரகசியம் வெளியே போய்விடும். வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வாரம்தான் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் மேனேஜர் கடைக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ்தான். லேபிள் ஒட்டுகிற பசைக்காக எலி வரும், லேபிள் கட்டுகளைக் கடித்து வைக்கும். அதற்காக அங்கே ஒரு பூனை உண்டு. அதன் காதில் உண்ணி. அங்கே வேலை பார்க்கிற பெண்கள் மருந்து வேண்டாம் என்கிறார்கள், நீயே வந்து சொல் என்றார். சாப்பாட்டு நேரத்தில் போனேன். அங்கே ஒரே வாக்குவாதம். குச்சியைக் கொளுத்தி அணைத்து, சூடாக உண்ணி மேல் வைத்தால் தானாக விழுந்துவிடும் என்பது அவர்களுடைய வைத்தியம். ஆனால் தீப்பெட்டி ஆபீஸுக்குள் யாரும் குச்சி உரசக்கூடாது, வெளியே கொண்டுபோகலாம் என்றால் பூனை வாசலைத் தாண்ட மாட்டேன் என்கிறது.

சுட்டாலும் நசுக்கினாலும் உண்ணி வயிற்றில் இருப்பதைப் புண்ணுக்குள் கக்கிவிடும். தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக, மெதுவாக இழுக்க வேண்டும். எடுத்ததைச் சோப்புத் தண்ணீரில் போட வேண்டும் என்று சொன்னேன். இடுக்கி இருக்கிறதா என்று கேட்டேன். கட்டை அடுக்குகிற வேலம்மாள் அக்கா சிரித்தார். சட்டத்தில் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்கி அடுக்கி இருபது வருஷம் பழகிய விரல்கள். வெறுங்கையால் தொட வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடித்ததால் ஒரு பாலிதீன் துண்டை விரலில் சுற்றிக்கொண்டார். ஒன்பது உண்ணி. பூனை தூக்கத்திலிருந்து கண்ணைத் திறக்கவில்லை. ஒன்பதாவதைத் தண்ணீரில் போட்டுவிட்டு மேனேஜர் காதில் விழும்படி சொன்னார்: “லாரி லாரியாக் குச்சி செய்யுதோம். ஒரு உண்ணியைச் சுட ஒரு குச்சி உரச விட மாட்டேங்காவ.”

மூன்றாவது சந்தை நாள்

ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவர் இறங்கியதை நான்தான் முதலில் பார்த்தேன். கையில் பெட்டி இல்லை. கடைக்கு வந்து, கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றார். எனக்குச் சில்லறை எண்ணுவது இரண்டு தடவை தப்பியது. எல்லோரும் போனதும் மடியை அவிழ்த்து, நான் கொடுத்த மருந்து பாட்டிலை எடுத்துக் கவுன்ட்டர் மேல் வைத்தார். “இது இனிமே எனக்கு வேண்டாம் தாயி” என்றார்.

நான் அதை ஒரே விதமாகத்தான் புரிந்துகொண்டேன். பாட்டிலைத் தொடக்கூட முடியவில்லை. “குட்டி…” என்று ஆரம்பித்தேன். அவர் சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து மேலே நீள நீளமாக நகக் கீறல்கள். சில ஆறியவை, சில அன்று காலையில் பட்டவை. இரண்டு நாள் சங்கில் கஞ்சித்தண்ணீர் ஊற்றினாராம். நக்காமல் இருக்க அவர் மனைவியின் பழைய ரவிக்கையைப் பூனைக்குப் போட்டுவிட்டாராம். மூன்றாம் நாள் நடுக்கம் நின்றதும் ரவிக்கையைக் கிழித்தது, பிறகு அவரைக் கிழித்தது. மருந்து இன்னும் முடியில் இருக்குமோ என்ற பயத்தில் அதன் பின்னாலேயே திரிந்திருக்கிறார். அதனால்தான் சந்தைக்கு வரவில்லை. கீறலை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்: “ஆட்டை மச்சினன் மேச்சான். நான் ரெண்டு வாரமாப் பூனை மேச்சேன் தாயி.”

புருவ இடுக்கி

பூனைக்கென்று உண்ணி மருந்து அன்றைக்கு எங்கள் கடையில் கிடையாது. டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: தினமும் பேன் சீப்பால் வாரிப் பார், காதுக்குப் பின்னால், கழுத்தடியில், விரல் இடுக்கில் தேடு, இடுக்கியால் எடு. இடுக்கிக்கு எங்கே போவது? பக்கத்துத் தெரு ஃபேன்ஸி ஸ்டோரில் புருவம் எடுக்கிற இடுக்கி தொங்கும். மீன் திங்கிற குட்டி வைத்திருக்கிற எல்லோரையும் அங்கே அனுப்பினேன். அய்யாத்துரை அண்ணாச்சியும் போய் வாங்கினார்.

ஒரு மாதம் கழித்து அந்தக் கடை அக்கா என்னைப் பஸ் ஸ்டாண்டில் நிறுத்தினார். ஸ்டாக் முழுக்கத் தீர்ந்துவிட்டது, வாங்கியவர்களில் ஒரு பெண்கூட இல்லை. தலைப்பாகையும் மீசையுமாக வந்து, கண்ணாடியைப் பார்க்காமல், நுனி நன்றாகப் பிடிக்குமா என்று தங்கள் கை முடியில் இழுத்துப் பார்த்து வாங்கிப் போகிறார்கள். எனக்குக் காரணம் தெரியும், ஆனால் சொல்ல முடியாது. நான் சிரிப்பை அடக்குவதைப் பார்த்துவிட்டு அவர் ரகசியமாகக் கேட்டார்: “ஏட்டி, விளாத்திகுளம் பக்கத்து ஆம்பளைய எல்லாம் புருவம் எடுக்க ஆரம்பிச்சிட்டாவளா?”

கடுவன்

பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் தன் மனைவியோடு வந்தார். மூட்டைகளுக்குக் காவலாக வளர்க்கும் கடுவனை, அதாவது ஆண் பூனையை, துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். வியாபாரிகளுக்கு இதில் வெட்கம் கிடையாது. எலி அவர்களுடைய சரக்கைத் தின்கிறது, பூனை எலியைத் தின்கிறது, அவ்வளவுதான். வயிற்றில் ஒரு உண்ணி எத்தனை இழுத்தாலும் வரவில்லை, தலை உள்ளே மாட்டிக்கொண்டது என்று காட்டினார். அவர் மூக்கு நுனியில் மூன்று கோடு கீறல். பூனையைத் திருப்பி முடியை விலக்கிப் பார்த்தேன். உண்ணிக்குக் கால் இருக்கும்; இதற்குக் கால் இல்லை. நேர் எதிர்ப்பக்கம் விலக்கினால் அங்கேயும் அதே மாதிரி ஒன்று. அதற்குக் கீழே வரிசையாக இன்னும் இருந்தன.

அது உண்ணி இல்லை, பால் காம்பு என்று சொல்ல வேண்டிய வேலை எனக்கு வாய்த்தது. சொன்னேன். அவர் பூனையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “இது கடுவன்லா தாயி. கடுவனுக்கு எதுக்கு அது?” என்றார். அவர் மனைவி, பூனையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: “ஒங்களுக்கு எதுக்கு இருக்கோ, அதுக்குத்தான்.”

கூடாப்பு

அய்யாத்துரை அண்ணாச்சி இடுக்கியும் கையுமாகத்தான் இருந்தார். ஆனால் ஒவ்வொரு சந்தை நாளிலும் அதே குறை: இன்றைக்கு எடுத்தால் நாளைக்குப் புதிதாக நிற்கிறது. ஒருநாள் டாக்டர் கடையில் இருந்தார். பூனை எங்கே படுக்கும் என்று கேட்டார். “கூடாப்புல” என்றார் இவர். பால்குடிக் குட்டிகளை அடைக்கிற கவிழ்த்த கூடை அது. உள்ளே குட்டிகளின் சூட்டில் பூனையும் சுருண்டு படுக்கிறது. டாக்டர் சிரித்தார். உண்ணி பூனையைத் தேடி எங்கிருந்தோ வரவில்லை, ஆட்டிலிருந்தே வருகிறது. கரிசல் வெடிப்பில் இறங்கி ஒளிந்திருக்கும், ராத்திரி ஏறும். கூடாப்பை இடம் மாற்றுங்கள், பழைய கூளத்தைக் கொளுத்துங்கள், ஆடுகளுக்கு ஒழுங்காக மருந்து போடுங்கள், போட்டபின் நன்றாகக் காய்கிறவரை பூனையை அண்ட விடாதீர்கள், இனிமேல் அதைத் தனியாகப் படுக்கவையுங்கள் என்றார்.

கடைசி ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் அவர் அச்சுப்பிசகாமல் செய்தார். ஆடுகளுக்கு மருந்து போட்ட இரண்டு மூன்று நாளும் பூனையை வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தி, வாசலை மறித்து அவரே படுத்துக்கொண்டார். உண்ணியும் குறைந்தது. ஆனால் மருந்து காய்ந்ததும் பூனை பழையபடி கூடாப்புக்குள் போய்விட்டது. தனியாகப் படுக்கவைக்கச் சொன்னாரே டாக்டர் என்று நினைவுபடுத்தினேன். “பூனைக்காக இல்ல தாயி. ஆட்டுக்குட்டிக தேடுது, அதான் விட்டிருக்கேன்” என்றார்.

அதே குட்டி

வருஷங்கள் போயின. பூனைக்கென்றே சின்னக் குப்பியில் மருந்து மதுரையிலிருந்து வர ஆரம்பித்தது. நாக்கு எட்டாத பிடரியில் விட வேண்டும். யாரும் பார்க்காதபடி அதைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பேன். கேள்வி எனக்கு மனப்பாடமாகிவிட்டது. மனப்பாடமானதுதான் ஆபத்து என்பது ஒரு சந்தை நாளில் தெரிந்தது. மழை விட்ட வாரம், கடை கொள்ளாத கூட்டம். குளத்தூர் உப்பளத்துப் பக்கமிருந்து வந்த ஒரு இளைஞர், தன் சேக்காளிகள் இரண்டு பேரோடு நின்றார். “ஆட்டுக்குட்டிக்கு உண்ணி மருந்து” என்றார். எனக்கு நான்கு பக்கமும் குரல். கை தானாகப் போய்ப் பாட்டிலை எடுத்துவிட்டது. கவுன்ட்டரில் வைத்து, மூடியில் கால்வாசி என்று சொல்லவும் தொடங்கிவிட்டேன்.

“தம்பி” என்று பின்னாலிருந்து ஒரு குரல். அய்யாத்துரை அண்ணாச்சி. மீசை நரைத்திருந்தது. அந்த இளைஞரின் முன்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நீள நீளமாகக் கீறல்கள். சந்தைக்குச் சந்தை நான் கேட்டு அவர் காதில் விழுந்த அதே கேள்விதான்: “குட்டி மீன் திங்குமா?” என்று கேட்டார். என் கை பாட்டில் மேலேயே நின்றுவிட்டது. ஓலைப்பெட்டிக்குள் துடித்த காதுகள் ஞாபகம் வந்தன. இளைஞர் சேக்காளிகளைத் திரும்பிப் பார்த்தார். கையை நீட்டிப் பாட்டிலை எடுக்கப் போனார்.

அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கடையில் நின்றவர்களில் பாதிப்பேர் அவரை அறிந்த கிடைக்காரர்கள். “எனக்குப் பூனைக்கு மருந்து வேணும் தாயி. எங்க வீட்டுப் பூனைக்கு. காகிதத்துல சுத்த வேண்டாம்” என்று எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னார். “ஏலே, கிடைக்காரரு பூனைக்கு வைத்தியம் பாக்குதாரு” என்று யாரோ சொன்னார்கள், இரண்டு பேர் சிரித்தார்கள். “ஆமா. எட்டு வருஷமாப் பாக்குதேன். முதல்ல குட்டின்னு பொய் சொல்லிக் கொல்லப் பாத்தேன்” என்றார் அவர். சிரிப்பு நின்றது. நான் குப்பியை அவர் கையில் வைத்தேன். அந்த இளைஞர் நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டார். பாட்டிலை என் பக்கம் தள்ளினார். சேக்காளிகளைப் பார்க்காமல், குப்பியை மட்டும் பார்த்தபடி சொன்னார்: “எனக்கும் அதே குட்டிதான்க்கா.”

பதினொரு வருஷம் அந்தக் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான்: எங்கள் கரிசல் காட்டு ஆட்டுக்குட்டிகளில் பாதி மியாவ் என்றுதான் கத்தும்.